காகிதமும் கணிதமும் சமாதானமும்

(காகித மடிப்புக் கலைக் கண்காட்சி ஒன்றின் தொடக்க நாளில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பக்கத்து அறையில் போடப்பட்டிருக்கும் மூன்று மேஜைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். முதல் மேஜையில் தவளையும் யானையும் மயிலும் கொக்குமாக ஜீவராசிகள் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது மேஜையில் ஐங்கோணங்களும் அறுகோணங்களும் கன வடிவங்களும், மடித்து மறுபடியும் விரித்த தாள்களில் ஓடும் கோடுகளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது மேஜையில் ஹிரோஷிமா நகரத்தின் படம் ஒன்றும், அதைச் சூழ நூலில் கோத்த காகிதக் கொக்குகளின் சரங்களும் இருக்கின்றன. கலைக்கு ஒரு மேஜை, கணிதத்துக்கு ஒரு மேஜை, துயரத்துக்கு ஒரு மேஜை! இந்த மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து சேர்த்ததற்கு என்ன நியாயம்? காகிதம் என்ற பொருள் மூன்றுக்கும் பொதுவாக இருப்பதனால் மட்டும் இவை உறவாகிவிடுமா? அல்லது, குழந்தைகள் செய்த பொம்மைகளுக்குப் பக்கத்தில் சமாதானம் என்ற சொல்லை எழுதி வைத்தால் பார்ப்பவர் மனம் இளகும் என்ற எண்ணத்தினால் கண்காட்சியை அமைத்தவர்கள் இப்படிச் செய்தார்களா? இக்கேள்விகளுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை தேடுவதே இன்றைய என் பேச்சின் விஷயம்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை ஒருவர் மிரட்டாமல், பதவியையும் பலத்தையும் காட்டாமல், இருவர் ஓர் உண்மையை மனமார ஒப்புக்கொள்வதற்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளுள் மிகச் சுத்தமானது கணிதத்தின் நிரூபணம். அந்த நிரூபணத்தைப் பண்டிதர்களின் ஏட்டிலிருந்து குழந்தைகளின் விரல்நுனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது காகித மடிப்பு. அந்த வழியையே மனிதகுலம் தன்னுடைய பெரிய வழக்குகளிலும் கைக்கொள்ள வேண்டும் என்ற தாகத்தைத்தான் நாம் சமாதானம் என்ற பெயரால் அழைக்கிறோம். இம்மூன்றுக்கும் உள்ள உறவு இரத்த உறவு என்றே நான் நம்புகிறேன்.

இந்த உறவை முதன்முதலில் கண்டு சொன்னவர்கள் நாம் அல்லோம். புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர், தம் காலத்துக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய செய்தி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். கிரேக்க நாட்டைச் சேர்ந்த டெலாஸ் என்ற தீவின் மக்கள் பெருந்துன்பத்தில் ஆழ்ந்து, அப்போலோ தெய்வத்திடம் குறி கேட்டார்களாம். தம் சந்நிதியிலுள்ள கனசதுரப் பலிபீடத்தை இருமடங்காக்கினால் அவர்களுடைய துன்பமும் மற்றக் கிரேக்கர்களின் துன்பமும் தீரும் என்று தெய்வவாக்கு வந்தது. அவர்கள் பீடத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இருமடங்காக்கிக் கட்டினார்கள். பீடமோ எட்டு மடங்காகிவிட்டது! திகைத்துப்போய்ப் பிளேட்டோவிடம் வந்து நின்றார்கள். பிளேட்டோ அவர்களுக்கு என்ன சொன்னார்? தெய்வத்துக்குப் பீடத்தின்மேல் ஆசை இல்லை என்றும், கிரேக்கர்கள் தங்களுக்குள் நடத்திவரும் யுத்தங்களைக் கைவிட்டுக் கலைகளையும் கணிதத்தையும் பயின்று, அந்தப் பயிற்சியினால் கோபதாபங்களை அடக்கி, ஒருவருக்கொருவர் தீங்கில்லாமல் வாழவேண்டும் என்பதே தெய்வத்தின் கட்டளை என்றும் அவர் விளக்கினாராம். இது நடந்த சரித்திரமோ, பின்னால் புனைந்த கதையோ, எதுவாயினும் ஆகுக. கனசதுரத்தை இரட்டிப்பது என்ற கணக்கையும் யுத்தத்தை நிறுத்துவது என்ற கடமையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்ன அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

அந்தக் கணக்கு பிறகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் அளவுகோலையும் காம்பஸையும் மட்டும் கொண்டு அதைச் சாதிக்கப் பார்த்து ஓய்ந்துபோனார்கள். ஒரு கோணத்தை மூன்று சமபாகமாக்குவது என்ற மற்றொரு கணக்கும் அப்படியே நின்றது. கடைசியில் 1837ஆம் ஆண்டில் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், அவ்விரு கருவிகளால் இவ்விரு காரியங்களும் ஒருகாலும் ஆகா என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்டார். அளவுகோலும் காம்பஸும் கைவிட்ட இடத்தில் காகிதம் கைகொடுத்தது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்முடைய சென்னைப் பட்டணத்தில் எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள விரும்பவில்லை.

ஜெர்மனியில் ஃபிரோபெல் என்ற ஆசிரியர், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே, குழந்தைகளுக்கென்று கிண்டர்கார்ட்டன் என்ற புதிய பள்ளிமுறையை ஏற்படுத்தினார். அதில் குழந்தைகளின் கைக்குக் கொடுத்த பொருள்களுள் வர்ணக் காகிதச் சதுரங்களும் ஒன்று. அந்த முறை கடல் கடந்து பல தேசங்களுக்குப் போயிற்று. 1876ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஜப்பானின் முதல் கிண்டர்கார்ட்டன் திறக்கப்பட்டபோது, அந்நாட்டுக்கு ஏற்கனவே சொந்தமாயிருந்த பழைய மடிப்புக் கலையோடு ஜெர்மானிய மடிப்பும் போய்க் கலந்தது. அதே வர்ணச் சதுரங்கள் சென்னை ராஜதானிக்கும் வந்தன. வந்த இடத்தில் அவை அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரின் கண்ணில் பட்டன. தண்டலம் சுந்தர ராவ் என்பது அவர் திருநாமம்.

குழந்தைகள் கப்பலும் தொப்பியும் மடிக்கும் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த மனிதர் யூக்ளிடின் க்ஷேத்திர கணிதம் முழுவதையும் அதிலிருந்து எழுப்பிக் காட்ட முடியுமா என்று யோசித்தார். சதுரத்திலிருந்து சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று படிப்படியாக மடித்துக்கொண்டே போனார். கணிதத் தொடர்களின் கூட்டுத்தொகையைச் சதுரத்தின் மடிப்புகளிலேயே கண்முன் நிறுத்தினார். பரவளையம், நீள்வட்டம் முதலிய வளைகோடுகளையும், நேர்மடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இட்டே, தாளில் தோன்றச் செய்தார். இவற்றையெல்லாம் தொகுத்து 1893ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலாக்க, சென்னை அடிசன் கம்பெனியார் அதை அச்சிட்டு வெளியிட்டார்கள். இதற்கு வேண்டிய கருவிகள் என்ன? ஒரு பேனாக்கத்தியும் சில துண்டுக் காகிதங்களும் போதும் என்று அவரே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பாடத்துக்கு உதவுவதோடு, சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் குறைந்த செலவில் கணித இன்பத்தை வழங்குவதும் தம் நோக்கம் என்று முன்னுரையில் சொல்லுகிறார். ஏழைப் பிள்ளைக்கும் எட்டவேண்டும் என்ற இந்தக் கருணை எனக்கு அந்நூலிலுள்ள கணிதத்துக்கு எள்ளளவும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

அந்தச் சிறு நூல் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஜெர்மனியில் கோட்டிங்கன் சர்வகலாசாலையில் கணிதத்தின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஃபெலிக்ஸ் க்ளைன், 1895இல் வெளியான தம் சொற்பொழிவு நூலில் அதைக் குறிப்பிட்டார். அந்தச் சொற்பொழிவுகளை ஆங்கிலத்தில் பெயர்த்த பீமன், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் இந்தக் குறிப்பைக் கண்டு, சென்னைப் பிரதியைத் தேடிப் பிடித்து, திருத்தங்களோடு 1901ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். க்ளைனுக்குச் சுந்தர ராவ் யார்? உறவினரா, மாணவரா, ஒரே கொடியின்கீழ் வாழ்ந்தவரா? ஒருவர் சாம்ராஜ்யம் ஒன்றின் அறிவுத் தலைநகரத்தில் வாழ்ந்தவர். மற்றவர் வேறொரு சாம்ராஜ்யத்தின் அடிமை நாட்டில் வேலை பார்த்தவர். ஆனாலும் மடிப்பு சரியாக இருந்தது, அதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது. மடித்தவர் ஆளும் இனத்தவரா, ஆளப்படும் இனத்தவரா என்று காகிதம் கேட்கவில்லை.

சுந்தர ராவும் தாண்டமுடியாத ஓர் எல்லை இருந்தது. கோணத்தை மூன்றாகப் பிரிக்க ஏறத்தாழச் சரியான முறை ஒன்றையே அவர் காட்டினார். கனமூலத்தை மடிப்பினால் பெறமுடியாது என்ற கருத்துத் தோன்றவே எழுதினார். அந்த எல்லையை 1936ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு ஃபெராரா சர்வகலாசாலைப் பேராசிரியை ஒருவர் தாண்டினார். மார்கரீட்டா பியாட்ஸோல்லா பெலோக் என்பது அந்த அம்மையாரின் பெயர். ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை ஒருங்கே எடுத்து, இரண்டு கோடுகளின்மேல் தனித்தனியே பொருந்தும்படி வைத்தால், அளவுகோலும் காம்பஸும் தீர்க்கமாட்டாத முப்படிச் சமன்பாடுகளையும் அந்த ஒரு மடிப்புத் தீர்த்துவிடும் என்று அவர் நிறுவினார். டெலாஸ் தீவின் பீடம் கடைசியில் காகிதத்தால் இரட்டிக்கப்பட்டது! முஸோலினியின் இத்தாலி அபிசீனியாமேல் படையெடுத்துச் சென்ற சமயத்தில், அதே இத்தாலியில் ஓர் அம்மையார் இதைச் செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பின்னர் 1989ஆம் ஆண்டில், இத்தாலியில் வாழ்ந்த ஹுமியாகி ஹுஜிட்டா என்ற ஜப்பானிய விஞ்ஞானியின் முயற்சியால், மடிப்பைப் பற்றிய விஞ்ஞானத்துக்கென்று முதல் சர்வதேச மகாநாடு கூடியபோது, அது கூடிய ஊரும் அந்த ஃபெராராவாகவே இருந்தது.

மாணவச் செல்வங்களே, இதுவரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இனி உங்கள் கைக்கு வேலை. உங்கள் ஒவ்வொருவரிடமும் உள்ள சதுரக் காகிதத்தை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்பின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் மட்டும் சற்றே அழுத்தி, அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிற்றா? இப்போது வலப்பக்கத்துக் கீழ்மூலையைத் தூக்கி, அந்த நடுப்புள்ளியின்மேல் அணுவளவும் பிசகாமல் வைத்து, தாளை அழுத்தி மடியுங்கள். வலப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு செங்கோண முக்கோணம் தோன்றியிருக்கிறது அல்லவா? உங்கள் சதுரத்தின் பக்கம் எட்டு அங்குலமானால், அந்த முக்கோணத்தின் பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து அங்குலம்! வேறு அளவுள்ள தாளானாலும் அதே விகிதம்தான் வரும்.

இதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் ஏற்கவேண்டாம். தாளின் வலப்பக்கம் எட்டு அங்குலம்; அதில் ஒரு பகுதி நின்றபடியே நிற்கிறது, மீதிப் பகுதி சாய்ந்து முக்கோணத்தின் கர்ணமாகிவிட்டது. ஆகவே இவ்விரண்டையும் கூட்டினால் எட்டு. மேல்விளிம்பின் பாதி நான்கு. கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று உங்கள் ஆசிரியர் சொல்லித்தந்த பைதாகரஸின் சூத்திரத்தை இங்கே வைத்துப் பாருங்கள். நின்ற பகுதி மூன்று என்றும், சாய்ந்த பகுதி ஐந்து என்றும், வேறு எந்த எண்ணுக்கும் இடமில்லாமல், விடை வந்து நிற்கும். இன்னும் ஒன்று: மடிந்து ஏறிய கீழ்விளிம்பு இடப்பக்கத்தைக் கடந்து சற்றே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கடக்கும் இடத்தில் ஒரு குறி போடுங்கள். இடப்பக்கத்தின் சரியாக மூன்றில் ஒரு பாகம் அதற்குக் கீழே இருக்கிறது. பாதியாக்க மட்டும் தெரிந்த கை, அளவுகோல் இல்லாமல், மூன்றில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது! இதைக் கண்டவர் கஸுவோ ஹாகா என்ற ஜப்பானியர். தொழிலால் உயிரியல் பேராசிரியர்.

இப்போது இந்த மண்டபத்தில் நடந்தது என்ன என்று பெரியவர்கள் சிந்திக்க வேண்டுகிறேன். இத்தனை பேர் கையிலும் ஒரே உண்மை பிறந்தது. யாராவது யாரையாவது கட்டாயப்படுத்தினார்களா? முன்வரிசைக் குழந்தைக்குப் பின்வரிசைப் பேராசிரியர் கட்டளை இட்டாரா? எதிர்வாதம் செய்ய விரும்புகிறவருக்கு வாய் அடைக்கப்பட்டதா? இல்லை, தாளை விரித்து மறுபடியும் மடித்துப் பார்க்க எல்லோருக்கும் உரிமை இருந்தது, அந்த உரிமை இருந்தும் எல்லோரும் ஒரு முடிவுக்கே வந்தோம். ஒப்புதலை இப்படிப் பெறப் பழகிய சமுதாயம் அதைத் துப்பாக்கியால் பெறக் கூசும் என்று நான் நம்புகிறேன். பிளேட்டோ டெலாஸ் வாசிகளுக்குச் சொன்னதாகக் கூறப்படும் விஷயம் இதுவே.

அன்பர்களே! இனி மூன்றாவது மேஜைக்கு வருகிறேன். ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பேச அனுமதிக்க வேண்டும். அது 1955ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி லண்டனில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அணு ஆயுதத்தால் மனிதகுலமே அழியக்கூடும் என்று எச்சரித்து, ஐன்ஸ்டீன், ரஸ்ஸல் முதலான பதினோரு அறிஞர்கள் அதில் கையொப்பமிட்டிருந்தார்கள். ஐன்ஸ்டீனோ அதற்குள் காலமாகிவிட்டார். கையொப்பமிட்ட பதினொருவருள் ஒருவர் ஜப்பானியர். நோபெல் பரிசு பெற்ற முதல் ஜப்பானியராகிய ஹிதெகி யுகாவா. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த மாதம், ஆகஸ்டில், ஹிரோஷிமாவின் செஞ்சிலுவைச் சங்க ஆஸ்பத்திரிக்கு நகோயா நகரத்திலிருந்து நோயாளிகளுக்குப் பரிசாகக் காகிதக் கொக்குகள் வந்து சேர்ந்தன. அங்கே பிப்ரவரி முதல் படுத்திருந்த சிறுமி ஒருத்திக்கு அவற்றைக் கண்டதும் தானும் மடிக்கவேண்டும் என்ற ஆசை பிறந்தது. அவள் பெயர் சதாகோ ஸஸாகி. 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி காலை எட்டே கால் மணிக்கு அந்த நகரத்தின்மேல் அணுகுண்டு விழுந்தபோது அவள் இரண்டு வயதுக் குழந்தை. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் அந்த ஒரு குண்டினால் மாண்டார்கள். அவளோ உடலில் காயமின்றித் தப்பினாள். பள்ளிக்கூடத்துத் தொடரோட்டத்தில் வேகமாக ஓடும் பெண்ணாக வளர்ந்தாள். பத்தாண்டு கழித்து இரத்தப் புற்றுநோய் வந்து பற்றிக்கொண்டது. ஆயிரம் கொக்கு மடித்தவர் வேண்டியது கைகூடும் என்பது ஜப்பானியரின் நம்பிக்கை. அவள் மருந்துப் பொட்டலத் தாளையும் விடாமல் சேர்த்துவைத்து மடித்தாள். அக்டோபர் 25ஆம் தேதி, பன்னிரண்டு வயதில், உயிர் நீத்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை நான் வற்புறுத்திச் சொல்லவேண்டும். ஆயிரத்தை எட்டுமுன்பே அவள் இறந்துவிட்டாள் என்றும், மீதியைத் தோழிகள் மடித்து முடித்தார்கள் என்றும் உலகமெங்கும் பரவிய கதைப்புத்தகம் ஒன்று கூறுகிறது. உண்மை அப்படி இல்லை. அவள் ஆயிரத்தைத் தாண்டி மடித்தாள் என்று அவளுடைய குடும்பத்தாரும் ஹிரோஷிமா அருங்காட்சியகத்தாரும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் சிறியதா? எனக்கு அது மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. ஆயிரம் நிறைவேறாமல் இறந்தாள் என்றால், நிறைவேறியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரு குழந்தையின் கணக்கில் குறை இருந்தது என்று சொல்லிவிட்டுக் குண்டு செய்தவர்களை மறந்துவிடலாம். அவளோ கணக்கை நிறைவேற்றினாள், அதற்கு மேலும் மடித்தாள், அப்படியும் இறந்தாள். அவளுடைய வகுப்புத் தோழர்களுக்கு இது விளங்கிற்று. அடுத்த மாதமே ஹிரோஷிமாவில் கூடிய நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்களின் அகில ஜப்பான் மகாநாட்டு வாசலில் அந்தப் பிள்ளைகள் நின்று, குண்டினால் மடிந்த எல்லாக் குழந்தைகளுக்குமாக ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று துண்டுப் பிரசுரங்களை வழங்கினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளிலிருந்து நன்கொடை வந்தது. 1958 மே 5ஆம் தேதி, ஜப்பானில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படும் நாளில், ஒன்பது மீட்டர் உயரமுள்ள அந்தச் சின்னம் திறந்துவைக்கப்பட்டது. உச்சியில் ஒரு சிறுமி கொக்கின் உருவத்தைக் கைகளால் ஏந்தி நிற்கிறாள். உள்ளே ஒரு மணி தொங்கவிடப்பட்டது. அந்த மணியைக் கொடுத்தவர் யார்? லண்டன் அறிக்கையில் கையொப்பமிட்ட அந்த யுகாவா! அணுவின் உள்ளே இருக்கும் விசையைக் கணிதத்தால் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, அணுவினால் அழிந்த குழந்தைகளின் சின்னத்துக்கு மணி தந்தார். இன்று ஆண்டொன்றுக்குச் சுமார் ஒரு கோடிக் கொக்குகள் உலகமெங்கும் இருந்து அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன.

1955இன் கதை இன்னும் முடியவில்லை. சதாகோ கண்மூடிய அதே அக்டோபர் மாதத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில், அகிரா யோஷிஸாவா என்ற ஜப்பானியரின் காகித மடிப்புச் சிற்பங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இவர் இளமையில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். புதிதாகச் சேர்ந்த தொழிலாளருக்குக் க்ஷேத்திர கணிதம் கற்பிக்கக் காகித மடிப்பைக் கையாண்டவர். யுத்தத்தின்போது ஹாங்காங்கில் ராணுவ வைத்தியப் பிரிவில் இருந்து, நோயாளிகளை மகிழ்விக்கப் பொம்மைகள் மடித்துக் கொடுத்தவர். பின்னர் வறுமையோடு போராடிக்கொண்டே இந்தக் கலையைச் சிற்பத்தின் நிலைக்கு உயர்த்தியவர். மடிப்புக்கு ஒரு வகைக் கோடும், எதிர்மடிப்புக்கு வேறு வகைக் கோடும், திருப்புவதற்கு அம்புக்குறியுமாக அவர் அமைத்த குறியீட்டு முறை இன்று உலகத்துக்கே பொதுச்சொத்து. இத்தகையவரின் சிற்பங்கள் எந்த நாட்டுக்குப் போயின என்று பாருங்கள். பத்தே ஆண்டுகளுக்கு முன்பு இன்றைய இந்தோனேசியாவில் ஜப்பானியப் படையின் முகாம்களில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக டச்சு மக்கள் பல்லாயிரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த டச்சு மக்களின் நகரத்துக்கு ஜப்பானிலிருந்து காகிதப் பறவைகள் சென்றன! மடிப்புக் கண்காட்சிகளின் சரித்திரத்தில் இதைவிட எனக்குப் பிரியமான நிகழ்ச்சி வேறில்லை.

இதற்குப் பிறகு உலகில் பல கண்காட்சிகள் நடந்தன. 1959இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அருங்காட்சியகத்தார் நடத்திய மடிப்புக் கண்காட்சிக்குத் தள க்ஷேத்திர கணிதமும் வினோத உருவங்களும் என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். 2012இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானிய அமெரிக்கர்களின் தேசிய அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி சிற்பத்தையும் விஞ்ஞானத்தையும் அருகருகே வைத்தது. அந்த அருங்காட்சியகம், யுத்தகாலத்தில் குற்றம் ஏதுமின்றி முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களின் வரலாற்றைக் காப்பதற்காக எழுந்தது என்பதையும் நீங்கள் அறியவேண்டும்.

ஒருவேளை யாரேனும் ஆட்சேபிக்கலாம்: சதாகோவின் கொக்கில் கணிதம் எங்கே இருக்கிறது? அவள் தேற்றம் எதையும் எண்ணி மடிக்கவில்லையே! உண்மைதான். ஆனால் அந்தக் கொக்கைச் சிறகு விரிப்பதற்கு முந்திய நிலையில் எடுத்து, மெல்லப் பிரித்துத் தாளை விரித்துப் பாருங்கள். மடிப்புகள் கூடும் ஒவ்வோர் உட்புள்ளியிலும், மேடாக எழுந்த மடிப்புகளையும் பள்ளமாக விழுந்த மடிப்புகளையும் தனித்தனியே எண்ணினால், ஒன்று மற்றதைவிட இரண்டு கூடுதலாகவே இருக்கும். மடிப்புக் கோடுகளால் பிரிந்த பகுதிகளுக்கு இரண்டே வர்ணம் தீட்டி, அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே வர்ணம் வராமல், தாள் முழுவதையும் நிரப்பிவிடலாம். தட்டையாக மடியும் எந்த வடிவத்துக்கும் இந்த விதிகள் பொருந்தும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்துத் தாளை மடித்த அந்தக் குழந்தையின் விரல்கள், ஒவ்வொரு கொக்கிலும் இந்த விதிகளை ஒருமுறை மெய்ப்பித்துக்கொண்டிருந்தன. 1797ஆம் ஆண்டிலேயே க்யோட்டோவில் ஒரே தாளிலிருந்து பல கொக்குகள் இணைந்து பிறக்கும் நாற்பத்தொன்பது விதங்களை விளக்கும் நூல் ஒன்று வெளியாகியிருக்கிறது. அவ்விதங்களைக் கண்டவர் குவானா என்ற ஊரின் புத்தமடத்துத் துறவி.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கணிதம் பயின்றவர்கள்தாமே அணுகுண்டையும் செய்தார்கள்? ஆம், செய்தார்கள். மடிப்பும் இதற்கு விலக்கு அன்று. கோர்யோ மியூரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கண்ட மடிப்பு முறையில் 1995இல் விண்ணுக்குச் சென்ற கலம் ஒன்றின் சூரியத் தகடுகள் சுருங்கி விரிந்தன. விண்ணில் மடித்துக் கொண்டுசெல்லத்தக்க பெரிய தொலைநோக்கி வில்லைக்கு அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் மடிப்புக் கலைஞர் ராபர்ட் லாங்கின் உதவியோடு மாதிரி செய்தார்கள். அந்த ஆய்வுக்கூடமோ அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. ஆகவே, அறிவு தானாகவே நம்மைச் சமாதானத்திற்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். 2016 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வந்தபோது, தாமே மடித்த கொக்குகளைக் கொண்டுவந்து இரண்டை இரு குழந்தைகளின் கையில் தந்தார். நல்ல காரியம், நான் அதைப் போற்றுகிறேன். ஆனால் ஆயுதங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கொக்கு ஒரு வேண்டுகோள். அதை மடித்தவர் கேட்கவும் வேண்டும், கேட்கப்பட்டவர் பதில் சொல்லவும் வேண்டும். சதாகோவின் தோழர்கள் மகாநாட்டு வாசலில் நின்றது அதற்காகவே.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு காரியமாக விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். ஜப்பானிய மடிப்புக் கலைச் சங்கத்தார் நவம்பர் 11ஆம் தேதியை மடிப்புக் கலை தினமாக வைத்திருக்கிறார்கள். பதினொன்றாவது மாதம், பதினொன்றாவது தேதி. அதிலுள்ள நான்கு ஒன்றுகளும் சதுரத்தின் நான்கு பக்கங்கள். அதே தேதியில்தான் 1918இல் முதல் உலகயுத்தம் ஓய்ந்தது. இந்த இரண்டு காரணங்களையும் கருதியே அத்தினத்தைத் தேர்ந்தார்கள். அன்றைக்கு ஒரு பாடவேளையை உங்கள் பள்ளிகளில் சுந்தர ராவுக்குக் கொடுங்கள். ஐங்கோணம் மடிக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாமல், பிள்ளைகள் தங்களுக்குள் வாதிட்டுக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். தவறாக மடித்த பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், அதன் தாளை விரிக்கச் சொல்லி, எந்த மடிப்பில் பிசகிற்று என்று அதையே தேடச் சொல்லுங்கள். பாடம் முடிந்தபின் ஹிரோஷிமாவின் கதையை, ஆயிரத்தைத் தாண்டிய கணக்கோடு, மாற்றாமல் சொல்லுங்கள்.

தலைவர் அவர்கள் எனக்கு இன்னும் கால்மணி நேரம் இருப்பதாகச் சைகை காட்டுகிறார். அதைப் பேச்சில் செலவழிக்க நான் விரும்பவில்லை. 1980இல் ஹிஸாஷி ஆபே என்பவர், எந்தக் கூர்ங்கோணத்தையும் மடிப்பினாலேயே மூன்று சமபாகமாக்கும் முறையைக் கண்டார். நம் சுந்தர ராவ் ஏறத்தாழச் செய்ததை அவர் துல்லியமாகச் செய்தார். எல்லோரும் புதிய தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கக் கீழ்மூலையிலிருந்து மேல்நோக்கி, உங்களுக்குப் பிடித்த எந்தச் சாய்விலும், ஒரு மடிப்புக் கோடு இடுங்கள். ஒருவர் கோணம் மற்றவர் கோணத்தைப்போல் இருக்கவேண்டியதில்லை. அடுத்த மடிப்பை நான் மேடையிலிருந்து இறங்கி வந்து காட்டுகிறேன்.